மிச்சமாகும் நிமிடம் யாருக்குச் சொந்தம்?

ஒரு பல் வைத்தியர் மாலை நான்கு மணிக்குத் தமது சிகிச்சை நிலையத்தைத் திறக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். எட்டு மணிக்குள் இருபது பேரைப் பார்த்து முடிக்கிறார். அடுத்த ஆண்டில் புதிய கருவியொன்றை வாங்குகிறார். உதவியாளர் ஒருவரைப் பழக்கி எடுக்கிறார். ஆயுதங்களை எடுக்க வைக்க வசதியாக மேசையை ஒழுங்குபடுத்துகிறார். இப்போது அதே இருபது பேரை ஏழு மணிக்குள் பார்த்து முடிக்க அவரால் இயலுகிறது. ஒரு மணி நேரம் மிச்சம். இந்த ஒரு மணி நேரத்தை அவர் என்ன செய்ய வேண்டும்?

மேலும் ஐந்து பேரைப் பார்த்து வருமானத்தைப் பெருக்கலாம். இருபது பேருக்கும் ஆளுக்கு மூன்று நிமிடம் கூட்டிக் கொடுக்கலாம். காசு கொடுக்க வழியில்லாத இருவரைப் பார்க்கலாம். காலை முதல் நின்றுகொண்டிருக்கும் உதவியாளப் பிள்ளையை நேரத்துடன் வீட்டுக்கு அனுப்பலாம். தாமும் பிள்ளைகளுடன் இருந்து இராச்சாப்பாடு உண்ணலாம். இவற்றுள் எது சரி? வாசகரே, பார்வைக்கு இது ஒரு கணக்குக் கேள்வி போலத் தோன்றும். உண்மையில் இது மனச்சாட்சியைத் தொடும் கேள்வி. பல் வைத்தியருக்கு மட்டுமன்றி, வேலை செய்து நேரத்தை மிச்சப்படுத்தும் எவருக்கும் இக்கேள்வி உண்டு. ஆயினும் பல் வைத்தியரின் நாற்காலியை வைத்தே இதனை ஆராய்வோம். ஏனெனில், அந்த நாற்காலியில் வாயைத் திறந்தபடி சாய்ந்திருப்பவனால் பேசவும் முடியாது. எழுந்து போகவும் முடியாது. அவனுடைய நேரமும் உடலும் பிறர் கையில் இருக்கின்றன.

தாமதமும் ஓர் அநீதியே

முதலில் ஒரு தப்பெண்ணத்தை அகற்றிவிடுவோம். வினைத்திறன், உற்பத்தித்திறன் என்ற சொற்களைக் கேட்டவுடன் எம்மில் பலருக்குத் தொழிற்சாலைச் சங்கொலியே நினைவுக்கு வருகிறது. மனிதரை மனிதராக மதிக்க வேண்டிய வைத்தியத்தில் இவற்றுக்கு என்ன வேலை என்று கேட்கத் தோன்றுகிறது. ஆனால், ஒழுங்கின்மையினால் உண்டாகும் தாமதம் யாருடைய தலையில் விழுகிறது என்பதை நாம் எண்ணிப் பார்த்ததுண்டா?

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். முப்பது பேர் நான்கு மணிக்கே வந்து துண்டு எடுக்கிறார்கள். ஒருவருக்குப் பத்து நிமிடம் செல்கிறது. முதலாவது ஆள் காத்திருப்பதில்லை. இரண்டாவது ஆள் 10 நிமிடம் காத்திருக்கிறார். முப்பதாவது ஆள் காத்திருப்பது 290 நிமிடம். ஏறக்குறைய ஐந்து மணி நேரம். முப்பது பேரும் காத்திருந்த நேரத்தைக் கூட்டினால் 4,350 நிமிடம், அதாவது எழுபத்திரண்டரை மணி நேரம் வருகிறது. இனி, அந்த முப்பது பேரையும் ஆறு ஆறு பேராகப் பிரித்து, நான்கு மணிக்கு ஆறு பேர், ஐந்து மணிக்கு ஆறு பேர் என வரச் சொன்னால் என்ன ஆகும்? எவரும் 50 நிமிடத்துக்கு மேல் காத்திருக்க நேராது. எல்லாரும் காத்திருக்கும் நேரத்தின் கூட்டுத்தொகை 750 நிமிடம். பன்னிரண்டரை மணி நேரம். மிச்சமானது 60 மணி நேரம்!

இதற்காக வைத்தியர் ஒரு நிமிடம்கூட வேகமாக வேலை செய்யவில்லை. புதிய கருவி எதுவும் வாங்கவில்லை. ஒரு கொப்பியும் பென்சிலும் போதுமாயிருந்தன. இதைச் செய்ய முடிந்தும் செய்யாதிருப்பவர், முப்பது பேரின் 60 மணி நேரத்தைக் கேளாமலே எடுத்துக்கொள்கிறார். அவர்களில் ஒருவன் நாட்கூலிக்காரன். அவனுக்கு அரைநாள் கூலி போகிறது. ஒருத்தி கைக்குழந்தையை அயல்வீட்டில் விட்டு வந்த தாய். இன்னொருவருக்குக் கடைசி பஸ் தவறிவிடும். பிறருடைய பணத்தை எடுப்பது களவு என்று குழந்தைக்கும் சொல்லிக் கொடுக்கிறோம். பிறருடைய நேரத்தை எடுப்பதற்கு மட்டும் எமது மொழியில் பெயரே இல்லாமற் போய்விட்டது.

ஆகவே, வினைத்திறன் தீமையானதன்று. பிறருடைய நேரத்தைக் கையில் வைத்திருப்பவருக்கு அது ஒரு கடமை.

விரைவே கருணையாக இருந்த காலம்

பல் வைத்தியத்தின் வரலாற்றைச் சற்றுத் திரும்பிப் பார்த்தால் இவ்வுண்மை இன்னும் தெளிவாகும். மயக்கமருந்து அறியப்படாத காலத்தில், எவன் பல்லை மிக விரைவாகப் பிடுங்கினானோ அவனே நல்ல வைத்தியன். வேதனை நீடிக்காமல் முடிப்பதே அவன் காட்டக்கூடிய மிகப் பெரிய இரக்கம். 1844ஆம் ஆண்டு திசெம்பர் மாதத்தில், அமெரிக்காவின் ஹாட்போட் நகரில் ஹொறஸ் வெல்ஸ் என்ற பல் வைத்தியர், நைத்திரசு ஒட்சைட்டு வாயுவைச் சுவாசித்துத் தம்முடைய பல்லையே பிடுங்குவித்துப் பார்த்தார். 1846இல் பொஸ்ரன் நகரில் ஈதர் மயக்கத்தை உலகறியச் செய்த வில்லியம் மோட்டனும் ஒரு பல் வைத்தியரே. 1943இல் சுவீடனில் நில்ஸ் லொவ்கிறென் என்பவர் லிக்னோகெயின் என்ற மருந்தை ஆக்கினார். இன்றும் பல் பிடுங்குமுன் எமது முரசில் ஏற்றப்படும் விறைப்பூசி மருந்துகளுள் முதன்மையானது அதுவே.

இதனால் ஒரு பெரிய மாற்றம் உண்டாயிற்று. நோயாளிக்கு நோகாதபோது, வைத்தியர் அவசரப்பட வேண்டியதில்லை. பல்லைப் பிடுங்காமல் காப்பாற்றும் நுட்பமான வேலைகளுக்கு நேரம் கிடைத்தது. அதுவரை இரக்கத்தின் அடையாளமாக இருந்த விரைவு, அதன் பின் இரக்கத்தின் அடையாளமாக இருக்க வேண்டிய அவசியம் இல்லாமற் போயிற்று. வேகம் தன்னளவில் நல்லதுமன்று, கெட்டதுமன்று. அது யாருக்காக என்பதே கேள்வி.

பின்னர் வந்த கருவிகளும் இதையே காட்டுகின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பல் குடையும் கருவியைத் தையல் இயந்திரம் போலக் காலால் மிதித்து ஓட்டினார்கள். நியூசிலாந்தில் ஜோன் உவோல்ஷ் என்பவர் 1949ஆம் ஆண்டளவில் காற்றழுத்தத்தால் சுழலும் கருவியொன்றை உருவாக்க முயன்றார். 1957இல் அமெரிக்கரான ஜோன் போடன் அத்தகைய கருவியைச் சந்தைக்குக் கொண்டு வந்தார். நிமிடத்துக்கு ஏறத்தாழ 300,000 தடவை சுழலும் அக்கருவி, நீண்ட நேரம் மண்டையை அதிரவைத்த வேலையைச் சில நிமிடங்களில் முடித்தது. அந்த நிமிடங்கள் மிச்சமானதில் முதல் நன்மை பெற்றவன் நாற்காலியில் இருந்தவனே.

வைத்தியருக்கும் நன்மை வந்தது. முன்பு அவர் நாள் முழுவதும் நின்று, குனிந்து, தமக்கு வேண்டிய ஆயுதத்தைத் தாமே தேடி எடுத்து வேலை செய்தார். அமெரிக்காவில் பிராங் ஜில்பிறெத் என்பவர், மேசன்மார் செங்கல் அடுக்குவதை அவதானித்து, ஒரு கல்லுக்குத் தேவைப்பட்ட 18 அசைவுகளை 5 ஆகக் குறைத்துக் காட்டினார். அவர் சத்திரசிகிச்சைக் கூடங்களையும் ஆராய்ந்தார். சத்திரவைத்தியர் ஆயுதத்தைத் தாமே தேடாமல், அருகில் நிற்பவர் அதை அவர் உள்ளங்கையில் வைக்கும் வழக்கத்தை வற்புறுத்தியவர்களுள் அவர் முக்கியமானவர். இதே எண்ணம் 1960களில் பல் வைத்தியத்திலும் பரவியது. நோயாளி சாய்ந்து படுத்திருக்க, வைத்தியரும் உதவியாளரும் இருபுறமும் அமர்ந்து நான்கு கைகளால் வேலை செய்யும் முறை வந்தது. வைத்தியரின் முதுகு பிழைத்தது. நோயாளி வாயைத் திறந்து வைத்திருக்கும் நேரமும் குறைந்தது.

குறைக்கக் கூடியவை

அப்படியானால் நேரத்தை எதிலிருந்து மிச்சப்படுத்தலாம்? இதற்கு எமது நாட்டிலேயே நல்ல உதாரணம் உண்டு. கொழும்பில் உள்ள காசல் வீதி மகளிர் வைத்தியசாலையில், 2000ஆம் ஆண்டளவில் யப்பானியரின் 'ஐந்து எஸ்' முறை கைக்கொள்ளப்பட்டது. வேண்டாததை அகற்றுதல், வேண்டியதை அதற்குரிய இடத்தில் வைத்தல், துப்புரவு செய்தல், இவற்றை எல்லாரும் ஒரே விதமாகச் செய்ய வழி வகுத்தல், அதனை நாளாந்தப் பழக்கமாக்குதல் என்பனவே அந்த ஐந்தும். இதில் எந்த மந்திரமும் இல்லை. எமது பாட்டிமார் அடுக்களையில் செய்துவந்தது போன்றதே. ஆனால், அந்த வைத்தியசாலை பிற்காலத்தில் ஆபிரிக்க நாட்டுச் சுகாதார அதிகாரிகள் வந்து பார்த்துக் கற்கும் இடமாயிற்று.

ஒரு பல் சிகிச்சை நிலையத்திலும் இவ்வாறே செய்யலாம். பல் பிடுங்குவதற்கு வேண்டியவை ஒரு தட்டில், நிரப்புவதற்கு வேண்டியவை இன்னொரு தட்டில் என முன்கூட்டியே அடுக்கி வைத்தால், ஒவ்வொரு ஆளுக்கும் அலுமாரியைத் திறந்து தேட வேண்டியதில்லை. நோயாளியின் பழைய துண்டு கையெட்டும் இடத்தில் இருந்தால், முன்பு என்ன செய்யப்பட்டது என்று ஊகிக்க வேண்டியதில்லை. வலியோடு திடீரென வருபவருக்காக ஒவ்வொரு மாலையும் இரண்டு இடங்களை வெறுமையாக விட்டு வைத்தால், அவர் வந்ததும் ஒழுங்கு முழுவதும் குலையாது. ஒரே பக்கத்தில் இரண்டு சூத்தைப் பற்கள் இருந்தால், பொருத்தமானபோது ஒரே விறைப்பூசியில் இரண்டையும் நிரப்பிவிடலாம். தூர இடத்திலிருந்து வருபவருக்கு ஒரு பயணமும் ஒரு நாள் கூலியும் மிச்சம். ஓர் ஊசிக் குத்தும் மிச்சம்.

பயிற்சிக்கேற்ப வேலையைப் பகிர்வதும் இவ்வகையைச் சேர்ந்ததே. நியூசிலாந்து 1921ஆம் ஆண்டிலேயே பாடசாலைப் பிள்ளைகளின் பற்களைப் பார்ப்பதற்கென்று தாதியரைப் பயிற்றத் தொடங்கியது. அந்நாட்டின் உதவியுடன் 1950களில் மகரகமவிலும் அத்தகைய பயிற்சி ஆரம்பமாயிற்று. ஒரு வைத்தியருக்காகக் காத்திருந்தால் என்றுமே பார்க்கப்படாமற் போயிருக்கக்கூடிய பாற்பற்கள் இதனால் பார்க்கப்பட்டன.

கவனியுங்கள்: மேற்சொன்ன யாவும் பொருள்களிலிருந்தும், கடதாசியிலிருந்தும், வீண் நடையிலிருந்தும், வெறுங் காத்திருப்பிலிருந்தும் மிச்சப்படுத்தப்பட்ட நேரம். நாற்காலியில் இருப்பவனிடமிருந்து எடுத்த நேரம் எதுவும் இதில் இல்லை.

குறைக்கக் கூடாதவை

சில நிமிடங்கள் உண்டு; அவற்றை எவராலும் சுருக்க முடியாது. சுருக்கினால், அந்தச் சுமை நோயாளியின் உடலில் இறங்கும்.

விறைப்பூசி போட்டவுடன் மருந்து வேலை செய்வதில்லை. சில நிமிடங்கள் செல்ல வேண்டும். அது வைத்தியரின் மணிக்கூட்டுக்குக் கட்டுப்படாது. அதைப் பொறுக்காமல் குறட்டைப் பிடிப்பவர், 1844க்கு முந்திய காலத்துக்கு நோயாளியைத் தள்ளிவிடுகிறார். அந்த இடைவெளியில் இன்னொருவரைப் பார்ப்பதற்காக, ஊசி போட்டவரை வெளி வாங்கில் தனியே இருத்துவதும் சரியன்று. பல் வைத்தியசாலையில் அடிக்கடி நேரும் ஆபத்து மயக்கம் போட்டு விழுவதே. யாராவது ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

ஆயுதங்களைக் கிருமிநீக்கும் நீராவிக் கருவிக்கும் தனக்கென்று ஒரு நேரம் உண்டு. 121 பாகை செல்சியசில் 15 நிமிடம். 134 பாகையில் 3 நிமிடம். சூடேறும் நேரமும் உலரும் நேரமும் இதற்குப் புறம்பு. கூட்டம் அதிகம் என்பதற்காக இந்த 15 நிமிடம் 10 நிமிடமாகாது. ஆயுதங்கள் போதாவிட்டால், இன்னும் சில தொகுதிகளை வாங்க வேண்டும், அல்லது சிலரை நாளைக்கு வரச் சொல்ல வேண்டும். மூன்றாவது வழி ஒன்று உண்டு. ஆனால், அதை நோயாளியிடம் வாய்விட்டுச் சொல்லிச் செய்ய எவருக்கும் துணிவு வராது. ஒரு செயலைச் செய்துவிட்டு அதனால் பாதிக்கப்படுபவரிடம் சொல்ல முடியாதென்றால், அது என்ன வகையான செயல் என்று நாம் விளக்க வேண்டியதில்லை.

'சலரோகம் உண்டா? இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுக்கிறீர்களா? ஏதேனும் மருந்து ஒத்துக்கொள்ளாமல் போனதுண்டா?' என்று கேட்பதற்கு ஒரு நிமிடம் போதும். பல் பிடுங்கிய இடத்தில் இரத்தம் நிற்காமல் நள்ளிரவில் ஆஸ்பத்திரிக்கு ஓடிய பின் இந்தக் கேள்விகளைக் கேட்டுப் பயனில்லை.

எல்லாவற்றிலும் முக்கியமானது வாய் முழுவதையும் ஒருமுறை பார்ப்பது. இலங்கையில் ஆண்களிடையே மிக அதிகமாகக் காணப்படுவது வாயைச் சேர்ந்த புற்றுநோயே. வெற்றிலை, பாக்கு, புகையிலை, சிகரெட், மதுபானம் என்பன இதற்கு முக்கிய காரணங்கள். இது பெரும்பாலும் திடீரென வருவதன்று. கன்னத்தின் உட்புறத்தில் வெள்ளைப் படலமாகவோ செம்படலமாகவோ தொடங்கலாம். உறைப்புப் பட்டால் எரியலாம். வாய் வரவரத் திறக்க முடியாமற் போகலாம். இரண்டு மூன்று வாரங்களாகியும் ஆறாத புண் இருக்கலாம். நோவு பெரும்பாலும் பிந்தியே வருகிறது. எனவே, நோயாளி அதைச் சொல்லிக்கொண்டு வரமாட்டார். கடைவாய்ப் பல் நோகிறது என்றுதான் வருவார். கன்னத்தையும் நாக்கின் இரு பக்கங்களையும் நாக்கின் அடியையும் வெளிச்சத்தில் பார்ப்பதற்கு இரண்டு நிமிடம் செல்லும். 1980களில் எமது நாட்டுக் கிராமங்களில் நடந்த ஆய்வொன்று, முறையாகப் பழக்கினால் சாதாரண சுகாதாரப் பணியாளர்களாலேயே இத்தகைய அடையாளங்களைக் கண்டுபிடிக்க முடியும் என்று காட்டியது. அப்படியிருக்க, பட்டம் பெற்ற வைத்தியர் ஒரு பல்லை மட்டும் பார்த்துப் பிடுங்கி அனுப்பிவிட்டால் என்ன சொல்வது? பல் பிடுங்கியதில் ஒரு குறையும் இல்லாதிருக்கலாம். ஐந்து நிமிடத்தில் முடித்தார் என்று வந்தவரும் புகழ்ந்துகொண்டே போயிருக்கலாம். ஒரு வருடத்தின் பின்பே, அந்த இரண்டு நிமிடத்தின் விலை தெரியவரும்.

எமது நாட்டு அலுவலகத் தமிழில் 'வினைத்திறன்', 'விளைதிறன்' என்று இரண்டு சொற்கள் வழங்குகின்றன. குறைந்த நேரத்தில், குறைந்த செலவில் வேலையை முடிப்பது வினைத்திறன். எந்த நோக்கத்துக்காக வேலை தொடங்கப்பட்டதோ அந்த நோக்கம் நிறைவேறுவது விளைதிறன். மேற்சொன்ன வைத்தியரிடம் முதலாவது நிறைய இருந்தது, இரண்டாவது இருக்கவில்லை.

எதை எண்ணுகிறோம்?

ஒரு நல்ல மனிதரையும் தவறான கணக்கு கெடுத்துவிடும் என்பதற்குப் பிரித்தானியாவின் அனுபவம் சான்று. எமது உறவினர் பலர் குடியேறியிருக்கும் அந்நாட்டில், 1948ஆம் ஆண்டு தேசிய சுகாதார சேவை தொடங்கியபோது, பல் வைத்தியருக்குச் செய்த ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கட்டணம் என்று வைத்தார்கள். நிரப்பிய பற்களின் தொகை கூடக்கூட வருமானமும் கூடியது. தேவையற்ற சிகிச்சைகள் செய்யப்படுகின்றன என்ற முறைப்பாடு வளர்ந்து, 1986இல் ஒரு விசாரணைக் குழு அதைப்பற்றி அறிக்கை வெளியிட வேண்டியதாயிற்று.

2006இல் இங்கிலாந்திலும் வேல்சிலும் கணக்கை மாற்றினார்கள். சிகிச்சைகளைச் சில வகுப்புகளாகப் பிரித்து, வகுப்புக்கு இவ்வளவு என்று வைத்தார்கள். ஒரு பல்லை நிரப்பினாலும் ஆறு பல்லை நிரப்பினாலும் வைத்தியருக்குக் கிடைப்பது ஒன்றே. பல்லைப் பிடுங்குவதும், பல மடங்கு நேரமெடுக்கும் வேர்ச் சிகிச்சையும் ஒரே வகுப்பில் விழுந்தன. விளைவு? வேர்ச் சிகிச்சைகள் குறைந்தன, பல் பிடுங்கல் கூடியது என்று 2008இல் பிரித்தானிய நாடாளுமன்றக் குழுவொன்று எடுத்துக் காட்டியது. இங்கிலாந்தில் இவ்விதி ஓரளவேனும் திருத்தப்பட 2022ஆம் ஆண்டு வரை செல்ல வேண்டியிருந்தது.

முதலாவது கணக்கில் வேலை மிகுந்தது. இரண்டாவது கணக்கில் வேலை குறைந்தது. இரண்டிலும் நட்டப்பட்டது நோயாளியின் பல்லே. அந்நாட்டு வைத்தியர்கள் ஓர் ஆண்டில் நல்லவராகவும் மறு ஆண்டில் கெட்டவராகவும் மாறிவிடவில்லை. எண்ணப்பட்டதை நோக்கி அவர்களுடைய கை சாய்ந்தது, அவ்வளவுதான். நாளொன்றுக்கு எத்தனை பேர், எத்தனை ரூபா என்று மட்டும் கொப்பியில் எழுதும் எவருக்கும் இது நேரும். ஆகவே, ஒரு சிகிச்சை நிலையம் வேறு சிலவற்றையும் எண்ணத் தொடங்குவது நல்லது. காப்பாற்றப்பட்ட பற்கள் எத்தனை? அதே பல்லுக்காக மறுபடி வந்தவர் எத்தனை பேர்? வாய் முழுவதும் பார்க்கப்பட்டவர் எத்தனை பேர்? ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தவர் எத்தனை பேர்?

கூட்டம் நிறைந்த இடத்தில்

'இதெல்லாம் எழுதுவதற்கு நன்றாயிருக்கிறது. காலையில் அறுபது பேர் வாசலில் நிற்கும் அரசாங்க ஆஸ்பத்திரியில், ஒரே வைத்தியர் என்ன செய்வது?' என்று ஒருவர் கேட்பார். நியாயமான கேள்வி. ஒருவருக்குக் கூட்டிக் கொடுக்கும் ஐந்து நிமிடம், வரிசையின் கடைசியில் நிற்பவனிடமிருந்து எடுக்கப்படுகிறது. அவனை வெறுங்கையோடு திருப்பி அனுப்புவதும் ஒரு தீங்கே. இந்தச் சங்கடத்தை இலகுவில் தீர்த்துவிடலாம் என்று சொல்வதற்கில்லை.

ஆனால், இரண்டு விதமான சுருக்கம் உண்டு. வேலையின் அளவைச் சுருக்குவது ஒன்று. வேலையின் தரத்தைச் சுருக்குவது மற்றொன்று. 'அம்மா, இன்றைக்கு நோவை மட்டும் நிற்பாட்டி விடுகிறேன். மற்றப் பல்லை நிரப்ப அடுத்த வியாழக்கிழமை வாருங்கோ' என்று வைத்தியர் சொல்கிறார். இது முதலாவது வகை, இதில் குறையில்லை. நோயாளிக்கு நிலைமை தெரியும், அவள் ஏமாற்றப்படவில்லை. நிரப்பிக் காப்பாற்றக்கூடிய பல்லை, 'இனி இது சரிவராது' என்று சொல்லிப் பிடுங்குகிறார் இன்னொருவர். நேரமில்லை என்ற உண்மையை மறைத்து, பல்லின் மேல் பழி போடுகிறார். இது இரண்டாவது வகை. பிடுங்கிய பல் திரும்ப முளைக்காது. அவசரம் எவ்வளவாயினும், உண்மையைச் சொல்வதற்கு மேலதிக நேரம் செல்வதில்லை.

சில வேளைகளில் நோயாளியே 'பிடுங்கி விடுங்கோ, ஐயா' என்று கேட்பதுண்டு. வேர்ச் சிகிச்சைக்கு மூன்று நான்கு தடவை வர வேண்டும்; மூன்று நாள் கூலியும் பஸ் காசும் போகும் என்று அவர் கணக்குப் பார்க்கிறார். அவர் கணக்கை இகழக் கூடாது. இரண்டு வழிகளின் நன்மை தீமைகளையும், செலவையும், பின்னர் கட்டுப்பல் வைக்க நேரும் என்பதையும் அவருக்கு விளங்கும் தமிழில் சொன்ன பின், முடிவை அவரிடம் விட வேண்டும்.

நாற்காலிக்கு அருகில் நிற்பவர்

மிச்சமாகும் நிமிடத்தைப் பற்றிப் பேசும்போது எளிதில் மறக்கப்படும் ஒருவர் உண்டு. ஆயுதத்தை எடுத்துக் கொடுத்து, உமிழ்நீரை உறிஞ்சி, தட்டைக் கழுவி, துண்டு எழுதி, அழும் குழந்தையின் கையையும் பிடித்துக்கொள்ளும் உதவியாளர். வைத்தியர் இருபது பேருக்குப் பதிலாக இருபத்தைந்து பேரைப் பார்த்தால், அந்த ஐந்து பேருக்கான வேலையும் அவர் கையால்தான் நடக்கிறது. வைத்தியரின் வருமானம் கூடுகிறது. அவருடைய மாதச் சம்பளமோ அசையாமல் நிற்கிறது. நான்கு கைகள் வேலை செய்யும்போது, பலன் இரண்டு கைகளுக்கு மட்டும் போவது எந்த நியாயம்? நேரத்தைச் சிக்கனப்படுத்தும் வழிகளில் நல்லவை பலவற்றை முதலில் கண்டுபிடிப்பவரும் அவரே. எந்த இழுப்பறை திறக்கச் சிரமம், எந்த மருந்து அடிக்கடி முடிகிறது என்பது அவருக்குத்தான் தெரியும். அவரைக் கேட்பதற்கும் சில நிமிடம் ஒதுக்க வேண்டும்.

இனி, விடைக்கு வருவோம்

மிச்சமான ஒரு மணி நேரம் யாருக்குச் சொந்தம்? உழைத்து ஒழுங்குபடுத்திய வைத்தியருக்கு அதில் பங்கில்லை என்று சொல்வது அநியாயம். அவருக்கும் வாடகை உண்டு, கடன் உண்டு, நோகும் முதுகு உண்டு, வீட்டில் காத்திருக்கும் பிள்ளைகள் உண்டு. களைத்த கை பிழை விடும். ஆகவே, அவருடைய ஓய்வும் நோயாளிக்கு நன்மையே. ஆனால், அந்த ஒரு மணி நேரத்தின் மீது வேறு கடன்களும் உண்டு. முதலாவது கடன், நாற்காலியில் இருப்பவருக்கு: ஊசி விறைக்கும் வரை பொறுக்கவும், வாய் முழுவதையும் பார்க்கவும், விளக்கிச் சொல்லவும் வேண்டிய நேரம் முதலில் அவருக்குக் கொடுக்கப்பட வேண்டும். இரண்டாவது, வெளியே காத்திருப்பவருக்கு. மூன்றாவது, பக்கத்தில் நின்று உழைப்பவருக்கு. நான்காவது, காசில்லாத காரணத்தால் அந்த வாசலுக்கே வராமல் நோவைத் தாங்கிக்கொண்டிருப்பவருக்கு. இக்கடன்களைத் தீர்த்த பின் எஞ்சும் நேரத்தில் வைத்தியர் இன்னும் உழைத்துச் சம்பாதித்தால், அது நேர்மையான சம்பாத்தியம்; அவர் வெட்கப்பட வேண்டியதில்லை. கடன் தீர்க்குமுன் எடுக்கும் இலாபமோ, பிறர் பணத்தில் நடத்தும் கொண்டாட்டம் போன்றது.

நோயாளியாகப் போகும் எமக்கும் சில கடமைகள் உண்டு. குறித்த நேரத்துக்கு வர வேண்டும். வர முடியாவிட்டால் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். நாம் வெறுமையாக விடும் அந்த இடம் பல்வலியோடு துடிக்கும் ஒருவருக்கு உதவியிருக்கும். எடுக்கும் மருந்துகளை எழுதிக்கொண்டு போக வேண்டும். பல் நோகும் வரை காத்திராமல், பிள்ளைகளை இரவில் படுக்குமுன் புளோரைட்டு உள்ள பற்பசையால் பல் துலக்கப் பழக்க வேண்டும். வீட்டில் வெற்றிலை போடும் பெரியவர் இருந்தால், 'ஐயா, இவருடைய வாயை ஒருக்கால் முழுதாகப் பாருங்கோ' என்று வைத்தியரிடம் வாய் திறந்து கேட்க வேண்டும். கேட்பதில் வெட்கம் இல்லை.

அன்பான வாசகரே, உங்களுள் ஒருவர் ஆசிரியராக இருக்கலாம். கச்சேரியில் வேலை செய்பவராக இருக்கலாம். கடை வைத்திருப்பவராகவோ, வீட்டை நடத்தும் தாயாகவோ இருக்கலாம். உங்களுக்கும் ஏதோ ஒரு கருவியினால், ஏதோ ஒரு ஒழுங்கினால், நாள்தோறும் சில நிமிடங்கள் மிச்சமாகின்றன. இன்று மாலை வேலை முடிந்ததும் அவற்றைக் கணக்கெடுத்துப் பாருங்கள். அந்த நிமிடங்களுக்காக உங்கள் வாசலில் காத்திருப்பவர் யார் என்றும் பாருங்கள்.